கூர்கன் நகரத்து வைத்தியரும் பசறைத் தோட்டத்து இளைஞரும்

அண்மையில் நாம் பதுளை நகரில் தங்கியிருந்த வேளை, பசறைக்கு அப்பாலுள்ள தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து இரண்டு இளைஞர்கள் எம்மைத் தேடி வந்திருந்தனர். இருவரும் சகோதரிகள் இருவரின் பிள்ளைகள். இளையவருக்கு வயது 22. உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்தவர். சீருடைச் சேவையொன்றில் சேரும் ஆசையுடன் நேர்முகப் பரீட்சைக்குச் சென்ற அவரை, உயரம் போதாது எனக் கூறித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அவரது மனதை ஒரே எண்ணம் அரித்துக்கொண்டிருந்தது. கால் எலும்பை வெட்டி நீளமாக்கி உயரத்தைக் கூட்டும் சத்திரசிகிச்சை இந்தியாவில் செய்யப்படுவதாகக் கைத்தொலைபேசியில் பார்த்திருக்கிறார். தாயார் இவ்வருடத்துடன் கொழுந்து பறிக்கும் வேலையிலிருந்து ஓய்வுபெறுகிறார். அவருக்குக் கிடைக்கவிருக்கும் ஊழியர் சேமலாப நிதியை இதற்குச் செலவிடலாமா என்பதே அவர் எம்மிடம் கேட்ட கேள்வி.

மூத்தவர் எதையும் கேட்கவில்லை. தம்பிக்குத் துணையாக வந்தவர் அவர். ஆனால் படியேறி வரும்போதே அவரது நடை எமது கண்ணில் பட்டது. சில வருடங்களுக்கு முன்னர் தோட்டத்து உழவு இயந்திரம் பள்ளத்தில் சாய்ந்ததில் அவரது வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கியிருந்தது. எலும்பு பொருந்தியது, ஆனால் கால் ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர் குட்டையாகிவிட்டது. இடுப்பைச் சாய்த்துச் சாய்த்து நடக்கும் அவர், அந்த நடையுடனேயே தினமும் மலை ஏறி இறங்குகிறார். இந்தச் சிகிச்சையெல்லாம் தம்மைப் போன்றவர்களுக்கு உரியதல்ல என்று அவர் எண்ணியிருந்தார்.

நாம் வைத்தியர் அல்லர். ஆகவே சத்திரசிகிச்சை செய்துகொள்ளலாம் என்றோ வேண்டாம் என்றோ சொல்லும் தகுதி எமக்கில்லை. ஆயினும் இச் சிகிச்சையை உலகுக்குத் தந்த மனிதரின் வரலாற்றை அவ்விருவருக்கும் எம்மால் சொல்ல முடிந்தது. அதனையே இங்கு வாசகர்களுடனும் பகிர்ந்துகொள்கிறோம்.

கவ்ரீல் இலிசாரோவ் 1921ஆம் ஆண்டு ஜூன் மாதம் 15ஆம் திகதி போலந்தின் பியாவோவேஜா என்னும் ஊரில் பிறந்தார். பிள்ளைகள் பலரைக் கொண்ட ஏழை யூதக் குடும்பம். தந்தையின் பூர்வீகம் கொக்கேசிய மலைப்பகுதி. சிறுவன் வளர்ந்ததும் அங்கேதான், இன்றைய அசர்பைஜானின் வடக்கேயுள்ள குசார் என்ற மலையடிவார ஊரில். வறுமையின் காரணமாகப் பத்து வயதைத் தாண்டிய பின்னரே அவர் பாடசாலைப் படியை மிதித்தார். சிறுவயதில் நஞ்சேறிய உணவினால் நோயுற்றுக் கிடந்த தன்னை ஊர் மருத்துவ உதவியாளர் ஒருவர் பிழைக்க வைத்ததைக் கண்டு, அன்றே வைத்தியராக வேண்டும் என்று தீர்மானித்தார் எனக் கூறப்படுவதுண்டு. மலையகத்தில் தோட்டத்து மருந்தகத்தில் வைத்திய உதவியாளரின் கையால் கலவை மருந்து குடித்து வளர்ந்தவர்களுக்கு இது அந்நியமான கதையல்ல.

தாமதமாக ஆரம்பித்தாலும் படிப்பில் அவர் வேகமாக முன்னேறினார். 1939இல் கிரிமியாவின் சிம்பெரோபோல் நகரிலிருந்த மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. இரண்டு வருடங்களில் ஜேர்மனியப் படைகள் சோவியத் மண்ணுக்குள் புகுந்தன. கல்லூரி முழுவதும் கஸகஸ்தானின் கிசிலோர்டாவுக்கு இடம்பெயர்ந்தது. பசியும் குளிரும் நிறைந்த அந்த யுத்த வருடங்களில் படித்து 1944இல் அவர் வைத்தியரானார். உடனேயே மேற்குச் சைபீரியாவின் கூர்கன் பிராந்தியத்திலுள்ள தொல்கோவ்கா என்ற கிராமத்திற்கு அனுப்பப்பட்டார்.

அவரது வாழ்வின் திறவுகோல் இந்தக் கிராமத்தில்தான் இருக்கிறது என்று நாம் கருதுகிறோம். ஒரு பெரும் பரப்புக்கு அவர் ஒருவரே வைத்தியர். பிரசவம், குடல்வால் அழற்சி, பல்வலி, காய்ச்சல், முறிந்த எலும்பு ஆகிய அனைத்தையும் அவரே பார்க்க வேண்டியிருந்தது. பனிக்காலத்தில் குதிரை பூட்டிய சறுக்குவண்டியிலேயே நோயாளரிடம் செல்ல முடியும். அக்காலத்தில் அவரிடம் வந்தவர்களில் பெருந்தொகையானோர் போர்முனையிலிருந்து திரும்பியவர்கள். குண்டுபட்டு நொறுங்கிய கால்கள், பொருந்தாமல் ஆடிக்கொண்டிருக்கும் எலும்புகள், சீழ் வடியும் புண்கள். அன்றைய மருத்துவம் அவர்களுக்குச் சுண்ணக்கட்டைப் போட்டு மாதக்கணக்கில் படுக்க வைத்தது. சுண்ணக்கட்டு முறிவை அசையாமல் பிடிக்கத் தவறியது. பிடிக்க வேண்டாத மூட்டுக்களை மட்டும் இறுகச் செய்தது. கட்டைப் பிரித்தபோது கால் குட்டையாகவும் முழங்கால் மடங்காமலும் இருப்பது வழமையாயிற்று.

எலும்பை உறுதியாகப் பிடிக்கவும் வேண்டும், நோயாளி எழுந்து நடக்கவும் வேண்டும். இந்த முரண்பாட்டுக்கு விடை தேடியே அந்த இளம் வைத்தியர் இரவுகளைக் கழித்தார். குதிரையின் கழுத்துக்கு மேலாக வளைந்து இரண்டு ஏர்க்கால்களையும் இழுத்துப் பிடிக்கும் மரவளைவைப் பார்த்தபோது அவருக்கு இந்த யோசனை உதித்ததாகச் சொல்வார்கள். துவிச்சக்கரவண்டிச் சில்லை நினைத்துப் பார்த்தால் எமது வாசகர்களுக்கு விடயம் எளிதில் விளங்கும். மெல்லிய கம்பிகள் இறுக்கமாக இழுத்துக் கட்டப்பட்டிருப்பதால்தான் சில்லு மனிதனின் பாரத்தைத் தாங்குகிறது. இலிசாரோவ் காலைச் சுற்றி உலோக வளையங்களை அமைத்தார். மெல்லிய கம்பிகளை எலும்பினூடாகக் குறுக்கும் நெடுக்குமாகச் செலுத்தி, இறுக இழுத்து, அவற்றின் முனைகளை வளையத்தில் பொருத்தினார். ஒரு வளையத்தை மற்றையதுடன் திருகுதண்டுகளால் இணைத்தார். நட்டைத் திருகினால் வளையங்கள் நெருங்கும், முறிந்த எலும்பின் முனைகள் ஒன்றையொன்று அழுத்தும். நோயாளி சில நாட்களிலேயே கால் ஊன்றி நடக்கலாம்.

1950இல் கூர்கன் நகர வைத்தியசாலைக்கு மாற்றலாகி வந்த அவர், விமானத்தில் பறந்து சென்று தூரக் கிராமங்களில் சத்திரசிகிச்சை செய்யும் பணியையும் ஆற்றினார். 1952இல் தமது சாதனத்தை அரசாங்கத்திடம் பதிவுக்குச் சமர்ப்பித்தார். 1954இல் அதற்கான சான்றிதழ் கிடைத்தது.

எலும்பை நீளமாக்க அவர் முதலில் முனையவே இல்லை என்பதை இவ்விடத்தில் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். பொருந்தாத எலும்பைப் பொருத்துவதுதான் அவரது நோக்கம். நீளமாக்கும் வழி ஒரு தவறின் ஊடாகத் திறந்தது என்பது வைத்திய உலகில் வழங்கிவரும் வரலாறு. வளையங்களை நெருக்கும் திசையில் நட்டைத் திருகும்படி சொல்லப்பட்டிருந்த நோயாளி ஒருவர் அதனை எதிர்த்திசையில் திருகிவந்தார். எலும்பு முனைகள் அழுந்துவதற்குப் பதிலாக விலகிச் சென்றன. எக்ஸ்ரே படத்தைப் பார்த்தபோது, இடைவெளி வெறுமையாக இருக்கும் என்று எண்ணியிருந்த இடத்தில் புதிய எலும்பு துளிர்த்திருந்தது. வேறொருவர் நோயாளியைக் கடிந்துவிட்டு நட்டைத் திருப்பியிருப்பார். இலிசாரோவ் அதனை ஆராயத் தொடங்கினார்.

கால் எலும்பை நீட்ட அவருக்கு முன்னரும் முயன்றவர்கள் உண்டு. இத்தாலியின் பொலோஞா நகரத்து வைத்தியர் கொடிவில்லா 1905ஆம் ஆண்டிலேயே இது பற்றி எழுதியிருக்கிறார். எலும்பை வெட்டி, பலங்கொண்ட மட்டும் இழுத்து நீட்டிய அம்முயற்சிகளில் நரம்பு செயலிழத்தல், சீழ் பிடித்தல், எலும்பு சேராதிருத்தல் என்று துன்பங்களே மிகுந்தன. இலிசாரோவ் கண்டுபிடித்தது வேறொன்றை. எலும்பின் கடினமான மேற்படையை மட்டும் கவனமாக வெட்டி, உள்ளிருக்கும் மச்சையையும் வெளியிலிருக்கும் சவ்வையும் இரத்தவோட்டத்தையும் இயன்றவரை காப்பாற்ற வேண்டும். ஒரு வாரமளவில் பொறுத்திருக்க வேண்டும். அதன் பின்னர் நாளொன்றுக்கு ஒரு மில்லிமீற்றர் வீதம் விலக்க வேண்டும். அதனையும் ஒரே தடவையில் செய்யாது, கால் மில்லிமீற்றர் வீதம் நான்கு தடவைகளாகச் செய்ய வேண்டும்.

இந்த அளவு வாயில் வந்த எண்ணல்ல. நாய்களின் கால்களில் வருடக்கணக்காக நடத்திய பரிசோதனைகளின் பெறுபேறு அது. நாளுக்கு அரை மில்லிமீற்றர் விலக்கியபோது எலும்பு அவசரப்பட்டு மூடிக்கொண்டது. இரண்டு மில்லிமீற்றர் விலக்கியபோது புதிய எலும்பு சரிவர உருவாகவில்லை, சுற்றியிருந்த திசுக்களும் பாதிப்புற்றன. உயிருள்ள திசு மெதுவாகவும் விடாமலும் இழுக்கப்பட்டால் தானாகவே வளர்கிறது என்பதே அவர் நிலைநாட்டிய விதி.

மொஸ்கோ அவரை இலேசில் ஏற்றுக்கொள்ளவில்லை. தலைநகரத்துப் பேராசிரியர்களுக்கு அவர் தொலைதூர மாகாணமொன்றின் இரும்புக் கடைக்காரராகவே தென்பட்டார். நட்டும் கம்பியும் வைத்து வைத்தியம் பார்ப்பதாக அவரை எள்ளி நகையாடினார்கள். அவரோ கூர்கனை விட்டு அகலாமல் நோயாளர்களைக் குணப்படுத்திக்கொண்டே இருந்தார். 1966இல் ஒரு சிறிய ஆய்வுகூடம் கிடைத்தது. 1968இல் பெர்ம் நகரில் அவர் சமர்ப்பித்த முதல்நிலை ஆய்வேடு, அடுத்த படியிலுள்ள கலாநிதிப் பட்டத்தை நேரடியாகப் பெறும் தகுதியுடையது எனத் தீர்மானிக்கப்பட்டது.

அதே ஆண்டில் அவரது பெயர் நாடெங்கும் பரவக் காரணமாக இருந்தவர் வலேரி புரூமெல். 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் உயரம் பாய்தலில் தங்கப் பதக்கம் பெற்றவர். 2.28 மீற்றர் பாய்ந்து உலக சாதனை படைத்தவர். 1965இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் அவரது வலது கால் சிதைந்தது. பெயர்பெற்ற வைத்தியசாலைகளில் சத்திரசிகிச்சைக்கு மேல் சத்திரசிகிச்சை செய்தும் எலும்பு பொருந்தவில்லை. கால் குட்டையாகி, அதனை அகற்ற நேரிடுமோ என்ற நிலையில் கூர்கனுக்கு வந்தார். இலிசாரோவ் எலும்பைப் பொருத்தி, குறைந்த நீளத்தையும் மீட்டுக் கொடுத்தார். புரூமெல் தமது பழைய உயரத்தை எட்டவில்லை. ஆயினும் மீண்டும் 2 மீற்றருக்கு மேல் பாய்ந்தார்.

1970இல் இசையமைப்பாளர் ஷொஸ்தகோவிச் வலுவிழந்த தமது கைகளுக்குச் சிகிச்சை நாடி வந்தார். 1971இல் கூர்கன் ஆய்வுகூடம் தனி நிறுவனமாக உயர்ந்தது. 1978இல் லெனின் பரிசு. பெருமைகள் வந்து குவிந்த காலத்திலும் நோயாளர் பிள்ளைகளுக்குக் கண்கட்டு வித்தை காட்டுவதில் அவருக்கு அலாதி விருப்பம் இருந்ததாம்.

சோவியத் எல்லைக்கு வெளியே அவரது முறை சென்ற விதமும் விந்தையானது. கார்லோ மவுரி என்ற இத்தாலிய மலையேறி, நாணற்புல் படகில் அத்திலாந்திக் கடலைக் கடந்த தோர் ஹையர்டாலின் குழுவில் ஒருவர். பனிச்சறுக்கில் முறிந்த அவரது கால் பல வருடங்களாகச் சரிவரப் பொருந்தாதிருந்தது. படகில் உடனிருந்த ரஷ்ய வைத்தியர் சென்கேவிச் அவருக்குக் கூர்கனைப் பற்றிச் சொன்னார். 1980இல் அங்கு சென்று குணமடைந்து திரும்பிய மவுரியின் காலைப் பார்த்து இத்தாலிய வைத்தியர்கள் வியந்தனர். 1981இல் பெல்லாஜியோ நகரில் நடந்த மாநாட்டுக்கு இலிசாரோவை அழைத்தனர். அப்போது அவருக்கு 60 வயது. மேற்குலக வைத்தியர் சபையொன்றில் அவர் உரையாற்றியது அதுவே முதற் தடவை. மண்டபம் எழுந்து நின்று நெடுநேரம் கரகோஷம் செய்தது. அதன் பின்னர் இத்தாலியிலிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஆசிய நாடுகளுக்கும் அந்த வளையங்கள் பயணம் செய்தன.

கூர்கனில் வரிசையில் காத்திருந்தவர்கள் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். போரில் கால் நொறுங்கியவர்கள், எலும்பில் சீழ் பிடித்தவர்கள், இளம்பிள்ளைவாதத்தினால் ஒரு கால் சூம்பியவர்கள், பிறவியிலேயே கால் குட்டையாக அமைந்தவர்கள், எலும்பு வளர்ச்சிக் குறைபாட்டால் மிகக் குள்ளமானவர்கள். நல்ல கால்கள் இரண்டும் உடையவர்கள் மேலும் சில அங்குலங்களுக்காக அதே முறையை நாடும் வழக்கம், அது உலகெங்கும் பரவிய பின்னர் பெருகியது. இன்று ரஷ்யா, துருக்கி, இந்தியா, அமெரிக்கா என்று பல நாடுகளில் அது பணம் புரளும் தொழில். சீனாவில் இத்தகைய சிகிச்சையால் கால் ஊனமுற்றோர் பற்றிய முறைப்பாடுகள் பெருகியதைத் தொடர்ந்து, மருத்துவத் தேவையின்றி உயரத்துக்காக மட்டும் இதனைச் செய்வதை 2006இல் அந்நாட்டுச் சுகாதார அமைச்சு தடைசெய்தது. 2016இல் ஹைதராபாத்தில் ஓர் இளைஞர் பெற்றோருக்கு அறிவிக்காமலேயே இதற்கு உட்பட்டு, அது தென்னிந்தியாவெங்கும் பெரும் விவாதத்தைக் கிளப்பியது.

பசறைத் தோட்டத்து இளைஞருக்கு நாம் கணக்கொன்றைச் சொன்னோம். நாளுக்கு ஒரு மில்லிமீற்றர் என்றால் 5 சென்ரிமீற்றருக்கு 50 நாட்கள். இரண்டு அங்குலத்துக்கும் சற்றுக் குறைவான உயரம் அது. ஆனால் நீட்டி முடிந்ததும் வளையத்தைக் கழற்ற முடியாது. புதிய எலும்பு இறுகும் வரை, நீட்டிய காலத்தைப் போல் இரு மடங்கோ அதற்கு மேலோ பொறுத்திருக்க வேண்டும். ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் ஒரு மாதத்துக்குக் குறையாது, பெரும்பாலும் அதற்கு மேலேயே ஆகும். இரண்டு கால்களிலும் செய்வதாயின் ஊன்றுகோலின்றி நடக்க அரை வருடத்துக்கு மேலாகலாம். முன்போல் ஓடியாட ஒரு வருடமும் போதாதிருக்கலாம். எலும்பு இசைந்து வளர்ந்தாலும் தசையும் நரம்பும் அவ்வளவு எளிதில் இசைவதில்லை. குதிகால் நிலத்தில் பதியாமல் தூக்கிக்கொள்ளலாம், முழங்கால் மடங்காமல் விறைக்கலாம். அதனைத் தடுக்க ஒவ்வொரு நாளும் இயன்மருத்துவப் பயிற்சி வேண்டும். கம்பி தோலைத் துளைக்கும் ஒவ்வோர் இடமும் கிருமி புகும் வாசல். அதனைத் தினமும் துப்புரவு செய்ய வேண்டும். எலும்பு கோணலாக வளர்ந்தாலோ, வளராமல் நின்றாலோ, வளையத்தைக் கழற்றிய பின் மீண்டும் முறிந்தாலோ மறுபடியும் சத்திரசிகிச்சைதான். வளையமின்றி எலும்பினுள்ளேயே பொருத்தப்பட்டு, வெளியிலிருந்து காந்தத்தால் நீட்டப்படும் தண்டுகள் இப்போது வந்துள்ளன. கம்பி வழியே கிருமி புகும் தொல்லை அதில் இல்லை. விலையோ பன்மடங்கு. எலும்பு இறுகும் வரை முழுப் பாரத்தையும் காலில் ஊன்ற முடியாது என்ற கட்டுப்பாடும் பெரும்பாலும் உண்டு.

இவற்றையெல்லாம் விளம்பரப் படங்கள் காட்டுவதில்லை. அதைவிட முக்கியமாக, நோயாளி எந்த வீட்டுக்குத் திரும்பப் போகிறார் என்பதை அவை கேட்பதில்லை. ஊவாவின் தோட்டங்களை அறிந்தவர்களுக்கு நாம் இதனை விளக்க வேண்டியதில்லை. நமுனுகுல மலைச்சாரலிலும் லுணுகலைப் பக்கத்திலும் ஹப்புத்தளை, பூனாகலை வரையிலும் லயன் அறைகள் சரிவிலேயே நிற்கின்றன. தண்ணீர் ஓரிடம், மலசலகூடம் இன்னோரிடம், இடையில் மழையில் வழுக்கும் கற்படிகள். பிரதான வீதிக்கு வர முச்சக்கரவண்டிக்காரர் கேட்பதைக் கொடுக்க வேண்டும். அங்கிருந்து பதுளைக்கு பஸ். இரண்டு கால்களிலும் வளையங்களைப் பூட்டிக்கொண்ட ஒருவர் ஆறு மாதம் அந்தப் படிகளில் எப்படி இறங்கி ஏறுவார்? இரவில் காய்ச்சல் கண்டு கம்பியடியில் சீழ் கட்டினால் யாரிடம் போவார்? இந்தியாவில் சத்திரசிகிச்சை செய்த வைத்தியர் கடலுக்கு அப்பால் இருப்பார். ஓய்வுபெற்ற தாயார் மீண்டும் தாதியாக மாற வேண்டியிருக்கும்.

சீருடை வேலைக்காகத்தான் இவ்வளவும் என்றால் இன்னொரு விடயத்தையும் முதலில் விசாரித்தறிய வேண்டும். ஆட்சேர்ப்புக்கு வயதெல்லை உண்டு. ஓட்டமும் உடற்தகுதிப் பரிசோதனையும் உண்டு. எலும்பு வெட்டப்பட்டு நீட்டப்பட்ட கால்களை மருத்துவச் சபை ஏற்றுக்கொள்ளுமா என்று அறியாமல் பணத்தைக் கட்டுவது, வாங்குபவர் யாரென்று தெரியாமல் காணியை எழுதிக் கொடுப்பதற்கு ஒப்பானது.

அந்த இளைஞரின் மனக்குறையை நாம் ஒருபோதும் அற்பமாகக் கருதவில்லை. அவரது குட்டை உருவத்துக்குத் தனிப்பட்ட விதி மட்டும் காரணமல்ல. 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார ஆய்வின்படி இந்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமற்றவர்கள். பெருந்தோட்டத்துறையிலோ அது நூற்றுக்கு 32. கர்ப்பிணித் தாய் கூடை சுமந்து மலையேறுவதும், பிள்ளை பிறந்த பின் அவசரமாக மீண்டும் பேரில் பதிந்து வேலைக்குப் போவதும், பிள்ளைக்காம்பராவில் விடப்பட்ட குழந்தையின் பசி எவர் கணக்கிலும் வராததும் சேர்ந்துதான் இந்த எண்ணை உருவாக்குகின்றன. கருவிலிருந்து இரண்டு வயது வரையிலான காலத்தில் இழந்த உயரத்தை அதன் பின்னர் மீட்பது மிகக் கடினம். அந்த இழப்பின் மேல், தலைமுறை தலைமுறையாக அரைவயிறு உண்ட சமூகத்தின் பிள்ளைகளின் மேல், ஒரே அளவுகோலை வைத்து வேலை மறுப்பது நியாயமா என்பதை ஆட்சேர்ப்பு விதிகளை வகுப்போர் சிந்திக்க வேண்டும். மலையகப் பிரதிநிதிகள் சம்பளத்துக்காக எழுப்பும் குரலில் ஒரு பங்கையாவது இதற்காகவும் எழுப்பலாம்.

மூத்தவரின் நிலை முற்றிலும் வேறு. இலிசாரோவ் தேடியது அவரைப் போன்றவர்களைத்தான். ஊவாவின் மலைப்பாதைகளில் எலும்பு முறிவு அரிதான சம்பவமல்ல. 2021 மார்ச்சில் பசறை 13ஆம் கட்டையருகே பஸ் பள்ளத்தில் பாய்ந்து பலர் மாண்டதை நாம் மறக்கவில்லை. அத்தகைய விபத்துக்களில் உயிர் தப்பியவர்கள் எப்படி நடக்கிறார்கள் என்பதை எவரும் பின்தொடர்ந்து எழுதுவதில்லை. இலங்கையில் 1993உடன் இளம்பிள்ளைவாதம் ஒழிந்துவிட்டது, ஆனால் அதற்கு முந்திய தலைமுறையில் ஒரு கால் குட்டையானவர்கள் இன்னமும் தோட்டங்களில் இருக்கிறார்கள். இரண்டு கால்களுக்கும் இடையிலான வித்தியாசம் 2 சென்ரிமீற்றருக்கு உட்பட்டதாயின், சப்பாத்தின் அடியை உயர்த்துவதே பெரும்பாலானோருக்குப் போதுமானது. வளரும் பிள்ளையாயின் மற்றக் காலின் வளர்ச்சியை உரிய வயதில் மட்டுப்படுத்தும் சிறிய சத்திரசிகிச்சையும் உண்டு. அதற்கு மேற்பட்ட வித்தியாசங்களில்தான் நீட்டுவது பற்றிய பேச்சு எழும். அப்போதும் அது ஒரு காலில், ஒரு தடவை. ஊன்றி நிற்க மற்றக் கால் இருக்கிறது. நடையும் முதுகும் சீராகும் என்ற பலன் எதிரே இருக்கிறது. அதே வேதனையும் அதே காத்திருப்பும் அவருக்கும் உண்டு, ஆயினும் தராசின் மறுதட்டில் வைக்க அவரிடம் ஏதோ ஒன்று இருக்கிறது. இலவச சுகாதார சேவையில் எலும்பு முறிவு வைத்திய நிபுணரைச் சந்திக்க அவர் இந்தியா செல்ல வேண்டியதுமில்லை.

இலிசாரோவ் 1991இல் விஞ்ஞானக் கழகத்தின் உறுப்பினராகத் தெரிவு செய்யப்பட்டார். அதே ஆண்டின் இறுதியில் அவர் பணியாற்றிய சோவியத் யூனியன் கலைந்தது. 1992 ஜூலை 24ஆம் திகதி, தமது 71ஆவது வயதில் அவர் கூர்கனிலேயே காலமானார். அந்நகரத்து நிறுவனம் இன்று அவரது பெயரைத் தாங்கி நிற்கிறது.

இளைஞர்கள் இருவரும் விடைபெறுகையில் தம்பியின் முகம் வாடித்தான் இருந்தது. எமது பேச்சு அவருக்குப் பிடிக்கவில்லை என்பது தெரிந்தது. சத்திரசிகிச்சை செய்து ஒரு வருடம் கடந்த யாரையாவது நேரில் சந்தித்து, அவர் படியேறுவதைப் பார்த்த பின்னரே தாயாரின் பணத்தைத் தொட வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டோம். அதற்கு அவர் சம்மதித்தார். தோட்டத்து மக்கள் பெரியாஸ்பத்திரி என்றழைக்கும் பதுளை போதனா வைத்தியசாலையின் எலும்பு முறிவு கிளினிக் எந்த நாளில் நடக்கிறது என்பதை விசாரித்து அறிவிப்பதாக அண்ணனிடம் கூறினோம். கிளினிக் வார நாளில் என்றால் அன்றைய பேர் போய்விடுமே என்பதுதான் அவரது முதல் கவலையாக இருந்தது.